பண்ணைக்கு வந்து சேரும்போது அவர்கள் நோயாளிகள் அல்லர்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அமெரிக்காவில் பண்ணை வேலை செய்யும் லத்தீனோ புலம்பெயர் தொழிலாளர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாக இருப்பதாகப் படித்தேன். வறுமையும் வீட்டு ஏக்கமும்தானே காரணம்? ஸ்பானிய மொழி பேசும் ஆலோசகர்களை நியமித்தால் போதாதா? உளவியல் முதுகலை மாணவியாகிய நான் வரும் கோடையில் கலிபோர்னியாவில் இவர்களிடையே பயிற்சிக்குச் செல்கிறேன். எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?"

வறுமையும் ஏக்கமும் உண்மை. ஸ்பானிய மொழி தெரிந்த ஆலோசகர்களும் கட்டாயம் வேண்டும். ஆனால் இவற்றை மட்டும் நம்பிப் போனால் முதல் வாரத்திலேயே திகைத்து நிற்பீர்கள். நான் கலிபோர்னியாவின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில் ஒரு நடமாடும் மருத்துவக் குழுவோடு சமூகப் பணியாளராக ஒன்பது ஆண்டு வேலை செய்தவன். அங்கே எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்று: இந்த மக்களில் பெரும்பாலோர் திடமான மனத்தோடுதான் வந்து சேர்கிறார்கள். வந்தபிறகு அவர்கள் வாழ நேரும் வாழ்க்கைதான் அந்த மனத்தைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. பரிவினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கணக்கும் அதைத்தான் காட்டுகிறது.

கணக்குக்குப் போகுமுன் பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் லத்தீனோ என்பதற்குப் பதிலாக, ஆண்பால் பெண்பால் காட்டாத 'லத்தீனெக்ஸ்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். 2020இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் தங்களை அப்படிக் குறிப்பிடுவதாகச் சொன்னார்கள். வயலில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "நான் மிச்சோகான்காரன்", "நாங்கள் வஹாக்கா" என்று மெக்சிகோவிலுள்ள தங்கள் மாநிலத்தைச் சொல்லித்தான் பேச்சு தொடங்கும். ஊரைக் கேளுங்கள், ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாதிக் கதவு அதிலேயே திறந்துவிடும்.

அமெரிக்கத் தொழிலாளர் துறை 1980களின் இறுதியிலிருந்து வேளாண் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திவருகிறது. 2019–2020 கணக்கின்படி பயிர்த் தொழிலாளர்களில் 63 விழுக்காட்டினர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். 44 விழுக்காட்டினருக்கு அங்கே வேலை செய்யச் சட்டப்படியான அனுமதி இல்லை. சராசரி வயது 41. இந்தக் கணக்கில் எச்-2ஏ என்னும் பருவகால விசாவில் வருபவர்கள் சேரவில்லை. அவர்கள் தனிப் பெருங்கூட்டம்: 2005இல் 48,000 அளவில் இருந்த அந்த வேலையிடங்கள் 2022இல் மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இனி நான் சொன்ன கணக்கு. 1990களில் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் வில்லியம் வேகா என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை வீடு வீடாகச் சென்று சந்தித்தது. 1998இல் முடிவுகள் வெளிவந்தன. மது, போதைப் பழக்கம் உட்பட ஏதேனும் ஒரு மனநோய்க்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஆளானவர்கள், மெக்சிகோவில் பிறந்து வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் 48 பேர். கல்வியும் வருமானமும் குறைந்த புதியவர்கள், பள்ளியும் ஆங்கிலமும் குடியுரிமையும் பெற்ற தங்கள் உறவினரைவிட நலமாக இருந்தார்கள். இதற்கு ஆய்வாளர்கள் 'புலம்பெயர்ந்தோர் முரண்' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு அந்த ஆய்வில் அதைவிட முக்கியமாகப் பட்டது வேறோர் எண். புலம்பெயர்ந்து வந்தவர்களையே அவர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 13 ஆண்டுக்கும் குறைவாக இருந்தவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் 32 விழுக்காட்டினர். கூடவே அதே மாவட்டத்தில் பண்ணைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேரிடம் தனியாக எடுத்த ஆய்விலும் ஆண்களில் நாலில் ஒருவர், பெண்களில் ஆறில் ஒருவர் என்ற அளவில்தான் நோய் இருந்தது. வறுமைதான் நோய்க்குக் காரணம் என்றால், மிக ஏழையாக வந்து இறங்கிய நாளில்தான் நோய் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு.

"அப்படியானால் மனச்சோர்வு மிகுதி என்று வேறு ஆய்வுகள் சொல்வது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை. மிச்சிகன், ஓஹாயோ, வட கரோலினா போன்ற இடங்களில் 2000க்குப் பிறகு வந்த ஆய்வுகள், பத்தில் இரண்டு முதல் நான்கு பேர் வரை கவலைப்பட வேண்டிய அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகளைக் காட்டுவதாகச் சொல்கின்றன. ஃப்ரெஸ்னோ ஆய்வு அளந்தது நோயை, மருத்துவர் பெயர் சூட்டும் அளவுக்கு முற்றிய நிலையை. இந்த ஆய்வுகள் அளந்தது கடந்த ஒரு வாரத்தின் சுமையை: தூக்கம் வந்ததா, அழுகை வந்ததா, சாப்பாடு இறங்கியதா என்பதை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. திடமான ஆட்கள், தாங்க முடியாத எடை. தாங்குகிறவரை தாங்குகிறார்கள். அந்த எடை எதனால் ஆனது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொண்டு போகவேண்டிய விஷயம்.

முதலாவது அச்சம். இதை நான் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

குடிவரவுத் துறையினரை அவர்கள் 'லா மிக்ரா' என்பார்கள். ஒரு வெள்ளை வண்டி தெருமுனையில் அரை மணி நேரம் நின்றால் அந்தத் தெருப் பிள்ளைகள் அன்று பள்ளிக்குப் போகமாட்டார்கள். ஒரு வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். அந்த அம்மாள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையால் ஒட்டியிருந்தது ஒரு காகிதம். தாயும் தகப்பனும் ஒரே நாளில் பிடிபட்டால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துக்கொள்வது, எந்த அத்தைக்கு முதலில் தொலைபேசி செய்வது, சின்னவனுக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று நீல மையில் எழுதியிருந்தார். அதை எட்டு வயது மகளுக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தார். பால் எடுக்க அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் கண்ணில் படும். ஒரு நாளைக்கு எத்தனை முறை திறப்போம், யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு வீட்டில் தூக்கமின்மைக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும்?

இந்த அச்சம் கற்பனை அன்று. ஜனவரி 2025இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு சுற்றுவட்டாரத்தில் எல்லைக் காவல் படையினர் சில நாள் வேட்டை நடத்தினார்கள். பழம் பறிக்கும் பருவத்தில் ஆட்கள் வேலைக்கு வராமல் தோட்டங்கள் காலியாகக் கிடந்தன. அதே ஆண்டு ஜூலை 10ஆம் தேதி காமரில்லோவில் ஒரு பசுமைக்குடிலில் நடந்த சோதனையில் 300க்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். தப்பிக்கக் கூரைமேல் ஏறிய தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார். இவை நடந்த இடத்தில் மட்டும் அச்சம் நிற்பதில்லை. கைப்பேசிகளில் காணொளி பரவும், ஐந்நூறு மைல் தள்ளி ஆப்பிள் பறிக்கிறவர் அன்று இரவு உடையோடு படுப்பார்.

அச்சத்தின் இன்னொரு முகம் வாகனம் ஓட்டுவது. கலிபோர்னியாவில் 2015 முதல் ஆவணம் இல்லாதவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம். வட கரோலினாவில் முடியாது. பஸ் இல்லாத கிராமப்புறத்தில் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவது என்றால், கடைக்குப் போய் வருவதே ஒரு சூதாட்டம். காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றும் 'ரைத்தேரோ'க்களை நம்பித்தான் பலருடைய வாழ்க்கை ஓடுகிறது. நாள்கூலியில் ஒரு பங்கு அவர்களுக்கே போய்விடும்.

இரண்டாவது, வேலையின் ஏற்பாடு. 1935இல் அமெரிக்கத் தொழிலாளர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமையைத் தந்த சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை விலக்கிவைத்தது. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அப்படியே செய்தது. குறைந்தபட்சக் கூலி 1966இல் ஓரளவு கிடைத்தது. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி என்பது மத்தியச் சட்டத்தில் இன்றுவரை இல்லை. 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' திட்டத்தின் கீழ் மெக்சிகோவிலிருந்து 45 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் ஆண்களைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தை அழைத்து வரக்கூடாது. தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு என்று பிடித்துவைத்தார்கள். பலருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. அவர்களுடைய பேரன்கள் இப்போது எச்-2ஏ விசாவில் வருகிறார்கள்.

இந்த விசாவின் முடிச்சு என்னவென்றால், அது ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. தங்குமிடம் அவருடையது, பேருந்து அவருடையது, வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் அதிக நாள் நிற்காது. ஆள்சேர்ப்பவர் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்பது விதி. ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கி ஆள்சேர்ப்பவருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கங்காணி என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அவருக்கு 'மயோர்தோமோ' என்று பெயர். அவர் முகம் கோணினால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருக்காது. அதனால் தலைசுற்றினாலும் சொல்லமாட்டார்கள், கூலி குறைந்தாலும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விழுங்கிய ஒவ்வொன்றும் எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும்?

பெண்களுக்கு இந்த விழுங்குதல் இன்னும் கொடியது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பண்ணை வேலை செய்யும் மெக்சிகோப் பெண்கள் 150 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், 80 விழுக்காட்டினர் வேலையிடத்தில் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஸ்ட்ராபெரி வயலில் பெண்கள் முகம் முழுவதையும் துணியால் மூடிக்கொண்டு கண் மட்டும் தெரிய வேலை செய்வதைப் பார்ப்பீர்கள். வெயிலுக்கும் மருந்துத் தூசிக்கும் என்று சொல்வார்கள். மூன்றாவது, நான்காவது சந்திப்பில்தான் ஒருவர் மெல்லச் சொல்வார்: "முகம் தெரியாமல் இருப்பது நல்லது."

உடம்பைப் பற்றிச் சிறிது. மனநலம் படிப்பவர்கள் உடம்பை மறந்துவிடுகிறார்கள். வட கரோலினாவில் ஈரப் புகையிலை இலையைத் தொட்டுப் பறிப்பவர்களுக்குத் தோல்வழியே நிகோட்டின் ஏறிக் குமட்டலும் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரும். ஒரு பருவத்தில் நாலில் ஒருவருக்கு வருவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் கொல்வதே பூச்சியின் நரம்பைத் தாக்கித்தான். நம் நரம்பும் அதே விதமாகத்தான் வேலை செய்கிறது. அந்த மருந்தால் ஒருமுறை நச்சுத்தாக்கம் கண்டவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதை விவசாயிகளிடையே நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை நடுங்குகிறது, இரவில் வியர்க்கிறது, எரிச்சல் வருகிறது என்று ஒருவர் சொன்னால் பதற்ற நோய் என்று எழுதுவதற்கு முன் 'நேற்று எந்த வயலில் மருந்தடித்தார்கள்?' என்று கேளுங்கள்.

மூன்றாவது, பிரிவு. நீங்கள் வீட்டு ஏக்கம் என்றீர்கள். அந்தச் சொல் இதற்குப் போதாது. வட கரோலினாவில் தொழிலாளர்களிடையே நெடுநாள் ஆய்வு செய்தவர்கள், இந்த ஆண்களை வதைப்பது இருமனம் என்று கண்டார்கள். நல்ல தகப்பன் என்றால் பணம் அனுப்ப வேண்டும். நல்ல தகப்பன் என்றால் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவுணர்ச்சி.

வயிற்றெரிச்சல் என்று எங்கள் வண்டிக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். கோடையில் சலினாஸிலும் குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமாவிலும் லெட்டூஸ் கீரை அறுப்பவர், இடையில் எங்கள் பக்கம் உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்குவார். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்வித் தாளை எடுத்தேன். "கடந்த இரண்டு வாரத்தில் எந்த வேலையிலும் நாட்டமில்லாமல் இருந்ததா?" என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நாட்டமா? மூன்றரை மணிக்கு எழுந்திருக்கிறேன். வேலைக்குப் போகிறேன்." ஒன்பது கேள்விக்கும் அப்படித்தான் பதில். கூட்டிப் பார்த்தால் அவருக்கு ஒன்றுமே இல்லை. தாளை மடித்துவைத்துவிட்டு, வீட்டில் யார் யார் என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து ஒரு சிறுமியின் படத்தைக் காட்டினார். ஆறு வயது. அவள் பிறந்தபிறகு அவர் ஊருக்குப் போகவில்லை. எல்லை கடந்து திரும்பி வரும் செலவும் ஆபத்தும் அப்படி. "போன வாரம் அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், அப்பா கைப்பேசிக்குள்தான் இருப்பாரா என்று." சொல்லிவிட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அங்கேதான் வலி என்றார். நான் நம்பினேன்.

நோயை அவர்கள் சொல்லும் மொழிக்கு இப்போது வருகிறேன். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. 'நெர்வியோஸ்' என்பார்கள். நேர்ப் பொருள் நரம்புகள். நம்மூரில் எத்தனை பேர் மனவேதனையை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள், உடனே விளங்கிவிடும். 'சுஸ்தோ' என்று இன்னொன்று: திடுக்கிட்டதில் ஆன்மா உடலைவிட்டு விலகிவிட்டது என்ற நம்பிக்கை. நம் பாட்டிமார் பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்து மந்திரிப்பது போல, அங்கே 'குரந்தேரா' என்னும் நாட்டு வைத்தியப் பெண் மூலிகைக் கொத்தாலும் முட்டையாலும் உடம்பைத் தடவி எடுப்பார். 'கொராஹே' என்பது உள்ளே அடக்கிய கோபம் நோயாகிப்போவது. அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் கையேடே இவற்றில் சிலவற்றை வரிசையில் சேர்த்திருக்கிறது. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் உங்களிடம் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாடப்புத்தக உளவியலை மட்டும் படித்து வருகிறவர்களுக்கு நெர்வியோஸ் ஒரு விந்தை. நமக்கு அது பக்கத்து வீட்டு அம்மாளின் பேச்சு.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கும் சொல் 'அகுவாந்தார்'. பொறுத்துக்கொள்வது, பல்லைக் கடித்துக்கொள்வது. இது பலம்தான். வருகிற புதிதில் அவர்களைக் காப்பாற்றுவதே இதுதான். ஆனால் உதவி கேட்பதைத் தோல்வியாகக் காட்டுவதும் இதே சொல்தான். ஆண்கள் மட்டும் தங்கும் முகாம்களில் சனிக்கிழமை இரவு பீர் பெட்டிகள் உயர்ந்துகொண்டே போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

மொழியைப் பற்றி ஒரு பெரிய எச்சரிக்கை. ஸ்பானிய மொழி ஆலோசகர் போதும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. வஹாக்கா, கெரேரோ மலைகளிலிருந்து வருபவர்களின் தாய்மொழி மிஷ்தெக்கோ, திரிக்கி, சபோதெக்கோ. இவை ஸ்பானிய மொழியோடு எந்த உறவும் இல்லாத பழங்குடி மொழிகள். மிஷ்தெக்கோவுக்குள்ளேயே ஓர் ஊர்க்காரர் பேசுவது இன்னோர் ஊர்க்காரருக்குப் புரியாத வேறுபாடுகள் உண்டு. நாங்கள் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு ஒருவர், அதிலிருந்து மிஷ்தெக்கோவுக்கு ஒருவர் என்று இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை உட்காரவைத்துப் பேசியிருக்கிறோம். நான் ஒரு வரி கேட்பேன். அது கடைசியில் ஐந்து நிமிட உரையாடலாகும், நடுவில் அழுகை வரும், திரும்பி வரும்போது "இல்லை என்கிறார்" என்று ஒரு சொல்லாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை அறிய நான் எதையும் கொடுத்திருப்பேன். இந்த மக்களை மெக்சிகோக்காரர்களே இழிவாகப் பேசுவதும் உண்டு. ஆகவே ஸ்பானிய மொழி பேசும் ஆலோசகர் அவர்களுக்கு இயல்பாகவே நம் ஆள் ஆகிவிடமாட்டார். ஆக்ஸ்நார்டில் மிஷ்தெக்கோ மக்களே நடத்தும் மிகோப் என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே ஒரு நாளாவது போய் உட்கார்ந்து பாருங்கள்.

மருத்துவமனைக்கு ஏன் வருவதில்லை என்பதற்குக் காரணம் பல. ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போகும். மருத்துவமனை திறந்திருக்கும் நேரமும் வயலில் இருக்கும் நேரமும் ஒன்று. காப்பீடு இன்னொரு சிக்கல். கலிபோர்னியா அரசின் மெடி-கால் திட்டம் ஜனவரி 2024இல் ஆவணம் இல்லாத எல்லா வயதினருக்கும் திறந்துவிடப்பட்டது. எங்கள் வண்டியில் அன்று ஒரு கொண்டாட்டமே நடந்தது. பிறகு, ஜனவரி 2026 முதல் ஆவணம் இல்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று மாநில அரசு முடிவெடுத்தது. இதற்கிடையே ஜூன் 2025இல், மெடி-கால் உள்ளிட்ட மருத்துவ உதவித் திட்டப் பயனாளிகளின் விவரங்களை மத்திய சுகாதாரத் துறை குடிவரவு அமலாக்கத்தைக் கவனிக்கும் துறைக்குக் கொடுத்த செய்தி வெளிவந்தது. பல ஆண்டுகளாக "உங்கள் பெயரும் முகவரியும் எங்களைத் தாண்டிப் போகாது" என்று சொல்லிச் சொல்லி அவர்களைச் சேர்த்தவர்கள் நாங்கள். அந்த வாக்கை நம்பியவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அப்படியானால் என்னதான் பயன்படும்?

மிக எளிதாகவும் நன்றாகவும் பயன்படுவது 'பிரொமொத்தோரா'க்கள். அதே தெருவில் வாழும், அதே வயலில் வேலை செய்த பெண்கள். சில வாரப் பயிற்சியோடு அவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் சிகிச்சை என்று சொல்வதில்லை, பேச்சு என்கிறார்கள். எட்டுப் பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கைத்தையல் போட்டுக்கொண்டே பேசுவதில் வெளிவருவது, என் அலுவலக நாற்காலியில் ஒருபோதும் வந்ததில்லை. ஹாஃப் மூன் பே கடற்கரை ஊரில் அலாஸ் என்ற அமைப்பு இசை, நடனம், சமையல் ஆகியவற்றோடு மன ஆலோசனையைச் சேர்த்து 2011 முதல் வேலை செய்துவருகிறது. ஜனவரி 23, 2023 அன்று அந்த ஊரின் இரண்டு காளான் பண்ணைகளில் துப்பாக்கிச் சூடு நடந்து ஏழு பேர் இறந்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் உடனே ஓடிப்போனது ஏற்கெனவே தெரிந்த அந்த முகங்களிடம்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பண்ணைக்குள் தொழிலாளர்கள் சரக்குப் பெட்டகங்களிலும் ஒட்டுப்போட்ட கொட்டகைகளிலும் வாழ்ந்ததை வெளியுலகம் பார்த்தது.

ஆனால் பேச்சு மட்டும் போதாது என்பதற்கு ஒரு மண்வெட்டியின் கதை உண்டு. 'எல் கொர்த்தீத்தோ' என்பது ஒரு முழ நீளக் கைப்பிடி கொண்ட களைக்கொத்து. அதைக்கொண்டு நாள் முழுவதும் இடுப்பை மடித்தபடிதான் வேலை செய்ய முடியும். யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பது கங்காணிக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு நாசமாவதாக மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது, 1975இல் கலிபோர்னியா அதைத் தடை செய்தது. அந்த முதுகுகளுக்குத் தைலம் தடவிக்கொண்டே காலத்தைக் கழித்திருந்தால் கொத்து இன்றும் வயலில் இருந்திருக்கும்.

இன்றைக்கு அந்தக் கொத்துக்கு ஒப்பானவை விசாவின் முடிச்சும், கங்காணியின் தனியதிகாரமும், கூடுதல் நேரக் கூலியில்லாத சட்டமும். மாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஃபுளோரிடாவின் இம்மோகலீ ஊரில் தக்காளி பறிப்பவர்கள் 1993இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 32 பவுண்டு வாளியை நிரப்பித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, வாளிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். நான்கு ஆண்டுப் புறக்கணிப்புப் போராட்டத்துக்குப் பின் 2005இல் தக்காளி வாங்கும் டாக்கோ பெல் என்ற விரைவுணவு நிறுவனம் இறங்கிவந்தது. 2011இலிருந்து அவர்களுடைய நியாய உணவுத் திட்டம் ஃபுளோரிடாவின் பெரும்பாலான தக்காளிப் பண்ணைகளில் நடக்கிறது. திட்டத்தில் சேர்ந்த பெரிய நிறுவனங்கள் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தரவேண்டும். நிழலும் தண்ணீரும் இருக்கவேண்டும். பாலியல் தொல்லை தந்த மேற்பார்வையாளரை நீக்காத பண்ணையிலிருந்து அந்த நிறுவனங்கள் தக்காளி வாங்கக்கூடாது. இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்ல எண் உண்டு. இதை மனநலத் திட்டம் என்று யாரும் அழைப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்தத் துறையில் நடந்த மிகச் சிறந்த மனநலப் பணி அதுதான். ஒரு பெண் அச்சமில்லாமல் வேலைக்குப் போவதைவிடப் பெரிய சிகிச்சை என்ன இருக்கிறது?

உங்கள் பயிற்சி கோடை ஒன்றுதான். சட்டத்தை நீங்கள் மாற்றப்போவதில்லை. அதற்காகச் சோர்ந்துபோகவும் வேண்டாம். செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. முதல் சந்திப்பில் கேள்வித் தாளை எடுக்காதீர்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள், கடைசியாக ஊருக்கு எப்போது பேசினீர்கள் என்று கேளுங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச எந்த ஆணும் வெட்கப்படமாட்டார்; அந்த வழியே உள்ளே போகலாம். குடிவரவு நிலையை நீங்களாகக் கேட்கவே கேட்காதீர்கள், அவர்களே சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக உட்காரவைக்காதீர்கள்; தாயின் துயரத்தைப் பத்து வயது வாயால் சொல்லவைப்பது இரண்டு பேருக்கும் காயம். சாகவேண்டும் போலிருக்கிறதா என்ற கேள்வியைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 988 என்ற உதவி எண்ணில் 2ஐ அழுத்தினால் ஸ்பானிய மொழியில் பேசலாம்; அதை அட்டையில் அச்சடித்துக் கொடுக்காமல் அவர்கள் கைப்பேசியில் அப்போதே பதிந்து கொடுங்கள். குடிவரவு வழக்கறிஞர், கூலி பாக்கிக்குப் புகார் தரும் அலுவலகம், இலவச உணவு கிடைக்கும் தேவாலயம் ஆகியவற்றின் எண்களும் உங்கள் பையில் இருக்கட்டும். கூலி பாக்கி வசூலானதும் தூக்கம் திரும்பியவரை நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவமனையில் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, எங்கே போய்ச் சந்திப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊரிலுள்ள காசு போட்டுத் துவைக்கும் சலவைக்கடைக்குப் போங்கள். வாரம் முழுவதும் சேர்ந்த மண்படிந்த உடைகளோடு எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். கையில் ஒரு காப்பியும், இரண்டொரு சில்லறைக் காசும் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குக் காசு குறைகிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார். துணி உலர நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை யாரும் எங்கேயும் போகமாட்டார்கள்.